சகலையின் சல்யூட்

பொறாமை என்றால் லேசுப்பட்ட பொறாமை இல்லை. காலையில் பல் விளக்கும்போதே ஆரம்பித்துவிடும். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால் சின்ன சகலையின் முகம் நினைவுக்கு வரும். சட்டையைப் போட்டால் அவனுடைய சட்டையின் மடிப்பு நினைவுக்கு வரும். பெரிய சகலை போலீஸ்காரர். சின்ன சகலை செக்யூரிட்டி. ஒரு போலீஸ்காரர் செக்யூரிட்டியைப் பார்த்து வயிறெரிகிறார் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இப்போது அந்தக் கடைத்தெருவில் யாரும் சிரிப்பதில்லை.

இத்தனைக்கும் அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே இவர்தான். போலீஸில் சேர ஆசைப்பட்டு, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவன் அவன். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தான். கொழுந்தியாள் வந்து மூக்கைச் சிந்தினாள். சரி, ஒழியட்டும் என்று இவர் ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் சொல்லி, துணிக்கடை வாசலில் நிற்க வைத்தார். கதவைத் திறப்பது, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சல்யூட் அடிப்பது, மற்ற நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விடுவது. இதுதான் வேலை.

அந்த நாட்களில் பெரியவர் வேண்டுமென்றே அந்தப் பக்கம் நடந்து போவார். சின்னவன் எழுந்து சல்யூட் அடிப்பான். இவர் நின்று பார்த்துவிட்டு, "விரல் மடங்குது தம்பி, நல்லா நீட்டு" என்பார். அவனும் சிரித்துக்கொண்டே நீட்டுவான். திரும்ப ஒரு சல்யூட் அடிக்க வேண்டும் என்று இவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. வாட்ச்மேனுக்குப் போய் யாராவது சல்யூட் அடிப்பார்களா?

அப்புறம்தான் எல்லாம் தலைகீழானது. தெருவில் வரிசையாக நாலைந்து கடைகளில் பூட்டை உடைத்தார்கள். ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை. கடைக்காரர் சங்கம் கூடிப் பேசி, தெரு முழுவதையும் அந்தக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. கம்பெனி தன் ஆட்களைக் கூட்டிப் போய்ப் பயிற்சி கொடுத்தது. தீயை எப்படி அணைப்பது, மயங்கி விழுந்தவரை எப்படிப் படுக்க வைப்பது, கூட்டம் நெருக்கினால் எந்த வழியைத் திறப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கேமரா பார்க்க ஒரு அறை வந்தது. ஆளுக்கு ஒரு வாக்கி-டாக்கி வந்தது. சின்ன சகலை சூப்பர்வைசர் ஆனான். ஸ்டேஷனின் பெரிய அதிகாரியே ஒரு நாள் காலையில் வந்து, வரிசையாக நின்ற செக்யூரிட்டிகளைப் பார்த்து, "நீங்கதான் இந்தத் தெருவுல எங்களுக்குக் கண்ணும் காதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது சின்னவனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரியவரின் கையை அவர் எந்தக் காலத்திலும் குலுக்கியதில்லை.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பாடே இறங்கவில்லை.

"அவங்க கண்ணும் காதும்னா நான் யாரு, மூக்கா?" என்று மனைவியிடம் பொரிந்தார்.

"இருக்கலாம். கோபமெல்லாம் அதுமேலதானே இருக்கு" என்றாள் அவள், தட்டை எடுத்துக்கொண்டே.

தெரு வாயிலில் இருந்தது அவருடைய பூத். மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் தகரம். உள்ளே ஒரு மேசை, ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் ஒரு தடித்த மெத்தை. அதை மாமனார்தான் தைத்துக் கொடுத்தார். அவருக்கு அதே தெருவில் பைக்கடை. கடைக்குப் பின்னால் சந்தில் தையல் மெஷின்கள் ஓடும். மூத்த மாப்பிள்ளை மரப்பலகையில் உட்காரக்கூடாது என்று, பெட்டிக்குப் போடுகிற நல்ல துணியில் பஞ்சு அடைத்துத் தானே தைத்து, தோளில் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அப்போது தெருவே வேடிக்கை பார்த்தது. அது ஒரு காலம். இப்போது மாமனாரின் கடை ஷட்டர் சிக்கிக்கொண்டாலும் சின்ன மாப்பிள்ளைக்குத்தான் போன் போகிறது.

செக்யூரிட்டிகள் அவருடைய பூத்திலும் ஒரு வாக்கியைக் கொண்டுவந்து வைத்தார்கள். கொண்டுவந்தவன் சின்னவன்தான். "பக்கத்துல இருக்கே, இந்தப் பொத்தானை அமுக்கிட்டுப் பேசணும்ணே. பேசி முடிச்சதும் விட்டுடணும். அமுக்கியே வெச்சிருந்தா நாங்க பேசுறது உங்களுக்குக் கேட்காது. வேற யாரும் உள்ள வரவும் முடியாது. தெருவுக்கே வாய் அடைச்ச மாதிரி ஆயிடும்."

"எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றார் இவர்.

"சும்மா சொன்னேண்ணே" என்று அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். கோபப்படத் தெரியாத ஜென்மம். அதுவும் இவருக்குப் பிடிக்கவில்லை. எதிர்த்துப் பேசினால் ஒரு பிடி பிடிக்கலாம். அதற்கும் வழி விடமாட்டான்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் தலைவிரிகோலமாகப் பூத்துக்குள் ஓடி வந்தாள். "செக்யூரிட்டி ஆபீஸ் எங்க இருக்கு சார்?"

"நான் போலீஸ்மா. என்ன விஷயம்னு சொல்லு."

"குழந்தையைக் காணோம் சார். அவங்ககிட்ட சொன்னா உடனே கண்டுபிடிச்சிடுவாங்கன்னு சொன்னாங்க. எந்தப் பக்கம் சார்?"

இவர் கையை நீட்டினார். கைகாட்டி மரம் மாதிரி. அவள் அந்தப் பக்கம் ஓடினாள். இவர் தொப்பியைத் தேடி எடுத்து, தூசியைத் தட்டி, தலையில் வைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் சின்னவன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பொம்மைக் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தான். அந்தப் பெண் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கூட்டம் கை தட்டியது. திரும்பிப் போகும்போது அவள் பூத்தைத் தாண்டித்தான் போனாள். உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழந்தை கிடைத்ததே என்று சந்தோஷப்பட வேண்டியவர்தான். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொன்னால், அன்று அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்காமல் இருந்திருந்தால் என்ன, நாம் போய்க் கண்டுபிடித்திருப்போமே என்றுதான் தோன்றியது. தோன்றிய பிறகு தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். குட்டியும் எண்ணம் போகவில்லை.

அந்த வாரமே அதிகாரி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாசக் கடைசியில சங்கக் கூட்டம் இருக்கு. அந்தத் தெருவுக்குப் போலீஸ் பூத் வேணுமா வேண்டாமான்னு கடைக்காரங்களே சொல்லட்டும். வேண்டாம்னா பூத்தைச் செக்யூரிட்டிகிட்ட கொடுத்திடலாம். உங்களை இங்கேயே கூப்பிட்டுக்கறேன்."

"இங்க எனக்கு என்ன வேலை சார்?"

"மாடியில பறிமுதல் சாமான் ரூம் இருக்கில்ல, அதுக்கு ஒரு ஆள் வேணும். பெரிசா ஒண்ணும் இல்ல. கதவுகிட்ட ஸ்டூல் போட்டு உட்கார்ந்தா போதும்."

படியிறங்கும்போது காது இரண்டும் அடைத்துக்கொண்டன. கதவுகிட்ட ஸ்டூல். இவரை வாட்ச்மேன் ஆக்கப் பார்க்கிறார்கள். யாரை வாட்ச்மேனாக நிற்க வைத்தாரோ, அவன் போய் இவருடைய மெத்தையில் உட்காரப்போகிறான். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. பூத் போகக்கூடாது. உயிரே போனாலும் பூத் போகக்கூடாது.

சங்கத்துக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மாமனார்தான். சரி, ரத்த பந்தம் இல்லாவிட்டாலும் பெண் கொடுத்த பந்தம் இருக்கிறதே என்று, விடுமுறை நாளில் மனைவியைக் கூட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். போனால் அங்கே சின்னவன் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். அதுவும் மாமனாரின் பக்கத்து நாற்காலியில். அது காலம் காலமாக மூத்த மாப்பிள்ளையின் நாற்காலி. இவரைப் பார்த்ததும் அவன் எழுந்துகொண்டான். மாமனார் அவன் தோளை அமுக்கி, "நீங்க உட்காருங்க மாப்பிள்ளை, அந்தக் கேமரா விஷயம் பாதியில நிக்குது" என்றார். இவர் சுவரோரம் கிடந்த பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமனாரைத் தனியாகப் பிடித்தார். "கூட்டத்துல பூத்தைப் பத்திப் பேச்சு வருமாம் மாமா. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

மாமனார் ஒளிவுமறைவு தெரியாத மனிதர். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மாப்பிள்ளைங்கிறதுக்காக நான் பேச முடியாது. நீங்க கூப்பிட்டா வர்றதில்லைன்னு ஆளாளுக்கு என்கிட்ட குறை சொல்றாங்க. பிடிச்சவனை வெச்சுக்கிட்டு இந்தப் பசங்க மணிக்கணக்கா நிக்கறாங்களாம். உண்மையா?"

இவர் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் அங்கே வந்துவிட்டான். "அப்படி இல்ல மாமா. நாங்க பிடிச்சு வெக்கத்தான் முடியும். அடிக்கக்கூடாது, கட்டக்கூடாது, பையில கைவிட்டுப் பார்க்கக்கூடாது. கூட்டிட்டுப் போறதுக்கு அண்ணன்தான் வரணும். போலீஸ் இல்லாம நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

பரிந்து பேசுகிறானாம், பரிந்து! திட்டியிருந்தாலும் இவருக்கு அவ்வளவு எரிந்திருக்காது. வீடு திரும்பும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். "என் தங்கச்சி புருஷன் உங்களுக்காகத்தானே பேசினாரு?" என்று மனைவி கேட்டாள். "அதுதான் வலிக்குது" என்பது வாய்வரை வந்து நின்றது.

மாமனார் சொன்னது உண்மைதான். இவரிடம் மிச்சம் இருந்த ஒரே அதிகாரம் அதுதான், காக்க வைப்பது. செக்யூரிட்டி ஒருவனைப் பிடித்தால், போலீஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வாக்கியில் கூப்பிடுவார்கள். இவர் "வர்றேன்" என்பார். அப்புறம் டீயைக் குடிப்பார், தலையைச் சீவுவார், பெல்ட்டைச் சரி செய்வார், மெதுவாக நடந்து போவார். தெருவே தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருடைய நாளிலேயே நல்ல நேரம். கூட்டம் நெருங்க நெருங்க, இது பூத்துக்கே உலை வைக்கும் என்று தெரிந்தும் அவரால் விட முடியவில்லை. பொறாமைக்குக் கணக்குப் போடத் தெரியுமா என்ன?

சங்கக் கூட்டத்துக்கு முந்தைய நாள், மத்தியானம் சாய்ந்த நேரம். வாக்கி கரகரத்தது.

"பூத்துக்கு. பைக்கடைச் சந்துல ஒருத்தரைப் பிடிச்சு வெச்சிருக்கேன். பர்ஸ் எடுத்தவர். போலீஸ் வரணும்." சின்னவன் குரல்.

பர்ஸ் எடுத்தவராம். திருடனுக்குக்கூட மரியாதை. "வர்றேன்" என்று சொல்லிவிட்டு இவர் டீக்கு ஜாடை காட்டினார். எதிரில் டீக்கடைக்காரர் பாலைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி கரகரத்தது. "அண்ணே, ஆள் கொஞ்சம் முரண்டு பண்றார். சந்துல நான் மட்டும்தான் இருக்கேன். சீக்கிரம் வாங்க."

போகும் ஆள் வரும் ஆள் எல்லாம் பூத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியவருக்குச் சுள்ளென்று வந்தது. என்னமோ இவர் அவனிடம் சம்பளம் வாங்குகிற மாதிரி, வா என்றால் வர வேண்டுமாம். வாக்கியை எடுத்தார். மெத்தையைத் தூக்கினார். அடியில் திணித்து, மேலே நன்றாக அழுத்தி உட்கார்ந்தார். சத்தம் கப்சிப் என்று அடங்கியது. அப்பாடா.

டீக்கடைக்காரர் கிளாஸோடு வந்து கண்ணாடி ஜன்னல் வழியே நீட்டினார். "என்னங்கய்யா, உங்க சகலை கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே. போகலையா?"

"நிக்கட்டும்" என்றார் இவர், டீயை ஊதிக்கொண்டே. "பெரிய சூப்பர்வைசர் இல்ல? கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும். கை வலிக்கட்டும். அப்பத்தான் போலீஸ்னா என்னன்னு புரியும். நான் போட்ட சோத்தைத் தின்னுட்டு என் பெஞ்சுக்கே அடி போடறான்."

"பாவங்கய்யா, நல்ல மனுஷன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. சொல்லிச் சொல்லித்தான் அவனுக்குத் தலைகால் புரியல. ஆமா, என்ன டீ இது? சக்கரை கம்மி."

டீக்கடைக்காரர் கிளாஸை வாங்கிப் போய்ச் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தார். இவர் அதையும் நிதானமாகக் குடித்தார். கடைசி வாய் இருக்கும்போதுதான் மாமனார் கடைத் தையல்காரர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். சட்டையில் ரத்தம்.

"ஐயா, சந்துக்கு வாங்க. உங்க சகலையைக் கிழிச்சிட்டான்."

மெத்தையைப் புரட்டி வாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினார். வாக்கி கையைச் சுட்டது. உட்கார்ந்த சூடு என்று நினைத்துக்கொண்டார்.

சந்தில் தையல் அறை வாசலில் சின்னவன் தரையில் உட்கார்ந்திருந்தான். தோல் வெட்டுகிற கத்தி ஒன்று எட்டிக் கிடந்தது. வாசலோரம் மேசையில் இருந்ததைத் திருடன் எட்டி எடுத்துவிட்டிருந்தான். பிடித்திருந்த கையின் புறங்கையில் குறுக்கே இழுத்திருந்தான். ரத்தம் முழங்கை வரை வழிந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை. அந்தக் கை தளர்ந்ததும் மற்றக் கையால் திருடனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். தையல்காரர் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்து, கத்தியைக் காலால் தள்ளிவிட்டு, பூத்துக்கு ஓடி வந்திருக்கிறார்.

பெரியவர் திருடனுக்கு விலங்கு மாட்டினார். "ஏன் தம்பி, அவன் கத்தியை எடுத்ததும் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"போலீஸ் வர்ற வரைக்கும் விடக்கூடாதுல்லண்ணே" என்றான் அவன். முகம் வெளுத்துப் போயிருந்தது. "இந்தாங்க, ஒப்படைச்சிட்டேன்." அதற்கப்புறம்தான் விரல்களைப் பிரித்தான்.

ஆஸ்பத்திரியில் கொழுந்தியாள் சுவரோடு சுவராக நின்று அழுதாள். புறங்கையில் நரம்பு அறுந்துவிட்டது. தைத்திருக்கிறோம், ஆனால் இரண்டு விரல் இனி முழுசாக நிமிராது என்றார் டாக்டர். பெரியவர் நடையில் நின்றுகொண்டு கணக்குப் போட்டார். அவன் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும். கூப்பிட்டேன், வரலை. அவ்வளவுதான். பூத் போச்சு, மானம் போச்சு, மாமனார் வீட்டு வாசல்படியும் போச்சு. அடிபட்டுக் கிடப்பவனைப் பற்றி நினைக்காமல் இதை நினைக்கிறோமே என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் அதைத்தான் நினைத்தார்.

அதிகாரி வந்தார். மாமனார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க? போலீஸைக் கூப்பிட்டீங்களா இல்லையா?" என்று அதிகாரி கேட்டார்.

பெரியவர் கதவோரம் வந்து நின்றார்.

"கூப்பிட்டேன் சார்" என்றான் சின்னவன். "வாக்கியில ஏதோ கோளாறு. அண்ணனுக்குக் கேட்டிருக்காது. விஷயம் தெரிஞ்சதும் ஓடி வந்துட்டாரு. அவர் வந்து விலங்கு மாட்டலைன்னா ஆள் தப்பிச்சிருப்பான்."

மாமனார் எழுந்து வந்து பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நான் உங்களைத் தப்பா பேசிட்டேன் மாப்பிள்ளை." பெரியவர் பரவாயில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். தப்பித்தோம்டா சாமி என்று இருந்தது. வாக்கியைத்தான் அவன் சந்தேகப்படுகிறான். அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் கூட்டத்தில் மாமனார் எழுந்து பேசினார். "பிடிக்கிறது இவங்க. ஆனா ஒருத்தனைக் கட்டி இழுத்துட்டுப் போற அதிகாரம் இவங்களுக்கு இல்ல. அது இல்லாததாலதான் என் சின்ன மாப்பிள்ளை கை போச்சு. போலீஸ் இங்கேயே இருக்கணும்." எதிர்த்து யாரும் பேசவில்லை. பூத் நிலைத்தது. பறிமுதல் சாமான் அறைக்கு வேறு யாரோ போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரியவருக்கே நம்ப முடியவில்லை. காலையில் தெருவில் நடந்தால் செக்யூரிட்டிகள் ஒவ்வொருவராக விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். முன்பெல்லாம் கொசு விரட்டுகிற மாதிரி கையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள். இப்போது காலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி அடித்தார்கள். முகத்தில்தான் சிரிப்பு இல்லை. மரியாதை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார். நெஞ்சு நிறைந்தது. தன் மதிப்பு இப்போதாவது தெரிந்ததே.

பொறாமை மட்டும் ஒரு மூலையில் புகைந்துகொண்டே இருந்தது. கட்டுப் போட்ட கைக்குக்கூட ஒரு மவுசு வந்துவிட்டது பாருங்கள். கடைக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு சின்னவன் வீட்டுக்குப் படையெடுத்தார்கள். குழந்தையைத் தொலைத்த அந்தப் பெண்கூட எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து பார்த்துவிட்டுப் போனாளாம். விலங்கு மாட்டியவரை யாரும் வந்து பார்க்கவில்லை.

கட்டுப் பிரித்துச் சின்னவன் வேலைக்குத் திரும்பிய அன்று நேராகப் பூத்துக்கு வந்தான். கையில் ஒரு சின்னத் தோல் உறை. வாக்கி அளவுக்கு வெட்டி, பின்னால் வளையம் வைத்துத் தைத்தது. மாமனார் கைவேலை என்று தையலைப் பார்த்தாலே தெரிந்தது.

"மாமாகிட்ட சொல்லித் தைச்சு வாங்கினேண்ணே. ஆணி அடிச்சுச் சுவத்துல மாட்டிடுங்க."

"எதுக்கு? மேசைமேல நல்லாத்தானே இருக்கு?"

"மேசைமேல இருந்தா சரிண்ணே." அவன் பெஞ்சைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மெத்தைக்கு அடியில போனா பொத்தான் அமுங்கிக்குது."

பெரியவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கை சுட்டது ஞாபகம் வந்தது. சின்னவன் அன்றைக்குச் சொல்லிக் கொடுத்தது வார்த்தை வார்த்தையாக ஞாபகம் வந்தது. அமுக்கியே வைத்திருந்தால் வேறு யாரும் உள்ளே வர முடியாது. சூப்பர்வைசர் கூப்பிடாமல் யாரும் அவரவர் வாசலை விட்டு நகரக்கூடாது. கத்தியைப் பார்த்ததும் அவன் மற்றவர்களைக் கூப்பிட்டிருப்பான். கூப்பிட்டவன் குரல் யாருக்கும் போயிருக்காது. தெருவுக்கே வாயை அடைத்துவிட்டு, மேலே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்.

"எல்லாம்... கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

"உனக்கு மட்டுமா?"

"எல்லார்கிட்டயும் வாக்கி இருக்குல்லண்ணே. டீயில சக்கரை கம்மின்னு சொன்னீங்களே, அது வரைக்கும் கேட்டுச்சு."

சக்கரைக்கு முன்னால் என்ன சொன்னோம் என்று பெரியவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கை வலிக்கட்டும் என்று சொன்னார். பார்வை தானாக அந்தக் கைக்குப் போனது. புறங்கையில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"பசங்க கொதிச்சுப் போய் இருந்தாங்க. நான்தான் வெளிய பேசக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். சல்யூட்டும் ஒழுங்கா அடிக்கச் சொன்னேன். போலீஸ் மேல மரியாதை போயிட்டா நாங்க பிடிச்சு வெக்கறதுக்கு அர்த்தமே இல்ல."

"ஏன்டா?" என்றார் பெரியவர். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. எனக்கு அது நல்லா வேணும்."

சின்னவன் தலையைச் சொறிந்தான். "மாடியில கதவுகிட்ட ஸ்டூல் போட்டு உட்கார வெக்கப் போறாங்கன்னு அக்கா சொன்னாங்க. நான் உட்கார்ந்திருக்கேண்ணே. அது உங்களால முடியாது."

இப்போதாவது வெட்கம் வந்து கொன்றிருக்க வேண்டும். வெட்கமும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அடிவயிற்றில் பற்றி எரிந்தது பழைய தீதான். நாற்காலியை எடுத்துக்கொண்டான், தெருவை எடுத்துக்கொண்டான், சரி. இப்படி ஒரு மனசையும் இவனே எடுத்துக்கொண்டானே. இதில் துளி நமக்கு வைத்திருக்கக்கூடாதா?

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். சின்னவன் காலைச் சேர்த்து நின்று சல்யூட் அடித்தான். நெற்றியோரம் இரண்டு விரல் நேராக நின்றது; இரண்டு விரல் உள்பக்கமாக மடங்கியே இருந்தது. அவன் நீட்டப் பார்த்தான். வரவில்லை.

பெரியவர் எழுந்து நின்றார். ஒரு செக்யூரிட்டிக்குப் பதில் சல்யூட் அடித்து அவருக்குப் பழக்கமே கிடையாது. கையைத் தூக்கினார். தன் விரல் ஐந்தும் நேராக நிற்பதைப் பார்த்ததும் பாதியிலேயே கீழே போட்டுவிட்டார்.